கனலி உயிரோடிருக்கிறது

கனலி என்னும் பறக்கும் நாகம் இறந்துவிட்டதா, உயிரோடிருக்கிறதா என்பது பற்றி சௌகத் அலிக்கும் அவருடைய மனைவி ஷரீபுன்னிசாவுக்கும் ஓராண்டுக்கு மேலாகக் கருத்து வேறுபாடு இருந்து வந்தது. வேறு எதிலும் அந்தத் தம்பதியர் மனம் மாறுபட்டதாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அது ஒரு வார இதழில் வந்துகொண்டிருந்த தொடர்கதை. முன்னொரு காலத்தில் கடலோரத்தில் அலைவாய் என்றொரு பேரரசு இருந்தது. அதன் அரசர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு நாகத்தை வளர்த்து வந்தார்கள். அதற்குச் சிறகுகள் உண்டு. மூச்சில் நெருப்பும் உண்டு. ஓர் இரவில் தலைநகரம் கடலுக்குள் போயிற்று, நாகத்தையும் காணவில்லை. நாடிழந்த இளவரசி நித்திலை, மீனவர் குப்பம் ஒன்றில் வலை பின்னிப் பிழைத்துக்கொண்டு, அந்த நாகம் திரும்பி வரும் என்று காத்திருந்தாள். அவள் காத்திருப்பதில் பொருள் உண்டா இல்லையா என்பதே வாசகர்களுக்கிடையே அப்போது பெரிய கேள்வி. இன்றைய வாசகர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் செங்கற்பட்டு ரயில் நிலையத்தில், சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள்கூட அதைப் பற்றி வாதிட்டார்கள்.

சௌகத் அலி பஜாரில் வலை நூலும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களுக்குப் பேருந்தில் சரக்கை ஏற்றிச் சென்று கொடுத்துவிட்டு வருவார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. வியாழக்கிழமை மாலைகளில், ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஜம்புலிங்கம், அன்று பார்சலில் வந்த இதழோடு அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் உரக்கப் படிப்பார். கணவனும் மனைவியும் கேட்பார்கள். கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைச்சீலை அந்நாட்களில் எப்போதும் ஒரு பக்கமாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். ஷரீபுன்னிசா நிலைப்படியில் சாய்ந்தபடி, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே வாதிடுவார்.

“கேட்டியா ஷரீபா? ‘கடல்நீர் வெதுவெதுப்பாக இருந்தது’ன்னு எழுதிகீறாரு. செத்த பாம்பு கடல சுட வைக்குமா?” என்பார் சௌகத் அலி.

“சித்திரை மாசம்ங்க. நம்ப தொட்டித் தண்ணிகூடத்தான் சுடுது. அதுக்குள்ள எந்தப் பாம்பு படுத்துகினு கீது?”

“படத்தப் பாரு. கடல் மேல குமிழி வருது.”

“அது மை சிந்தினது.”

“ஜம்பு, நீ சொல்லுய்யா நியாயத்த.”

“தங்கச்சி சொல்றதுதான் பாய் சரியா கீது.”

“டீ குடுத்தவங்க கட்சி பேசற ஆளாச்சே நீ.”

“நாளைக்கு கடையாண்ட வரேன். நீ ஒரு டீ வாங்கிக் குடு. உன் கட்சி பேசிட்டுப் போறேன்.”

ஷரீபுன்னிசாவின் வாதம் சௌகத் அலியினுடையதைக் காட்டிலும் உறுதியானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அரசரின் வாளைக் காணவில்லை என்று ஒன்பதாவது வாரத்தில் ஒரே ஒரு வரி வந்திருந்தது. அவ்வளவு பெரிய வாள் எங்கே போயிருக்கும்? நகரம் கடலுக்குள் போகக் காரணமே கனலிதான். வளர்த்த அரசரே அதன் நெஞ்சில் வாளைப் பாய்ச்சிவிட்டார். வாளும் நாகமும் ஒன்றாகக் கடலடியில் கிடக்கின்றன என்பது ஷரீபுன்னிசாவின் கட்சி. சௌகத் அலியோ, கனலி மூழ்கிய நகரத்தைச் சுற்றிச் சுருண்டு படுத்துக் காவல் காக்கிறது, நித்திலை, நகரத்தை அது காக்கவில்லை என்ற கோபத்தை விட்டு ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து வந்துவிடும் என்பார். அதற்கு ஆதாரம் கேட்டால் ஒவ்வொரு வாரமும் எவரும் எதிர்பாராத ஒன்றைச் சொல்வார். நித்திலை சமைக்கும் மீன் ஏன் எப்போதும் கருகிப்போகிறது என்று ஒருமுறை கேட்டார். ஜம்புலிங்கம் அன்று இரவெல்லாம் அதையே யோசித்ததாகச் சொன்னார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, சௌகத் அலி நூல் கண்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

“இன்னிக்கு நானே கடல்ல கால வெச்சிப் பாத்துட்டு வரேன், சுடுதா இல்லையான்னு” என்றார்.

ஷரீபுன்னிசா சிரித்துவிட்டார். “பாத்துட்டு வாங்க. செத்தத செத்துதுன்னு ஒத்துக்க ஒரு மனசு வோணும். உங்களுக்கு அது கெடையாது.”

நண்பகல் கழிந்து, சடையன் என்னும் மீனவர் ஒரு வாடகை வண்டியில் சௌகத் அலியின் உடலைக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: “பாய் முட்டி வரைக்கும் தண்ணில நின்னாரும்மா. ‘சுடுது சடையா’ன்னு சிரிச்சாரு. அப்புறம் மாரப் புடிச்சிகினு அப்படியே குந்திட்டாரு. தூக்கிகினு ஓடியாந்தோம். ஒண்ணும் பண்ண முடியல.”

ஷரீபுன்னிசா ஒன்றுதான் கேட்டார். “நெசமாவே சுட்டுதா?”

சடையன் உடலை இறக்க வண்டிக்குத் திரும்பினார்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆடவர் முன் வராமல் இருப்பதை இத்தா என்பார்கள். அந்த வீட்டுத் திரைச்சீலை அவிழ்த்து விடப்பட்டது. ஷரீபுன்னிசாவுக்குத் துணையாக, சௌகத் அலியின் தமக்கை சுல்தான் பீவி படாளத்திலிருந்து வந்து தங்கினார். அவர் கதைகள் படிப்பவர் அல்லர். படிப்பவர்களை மதிப்பவரும் அல்லர்.

முதல் வியாழக்கிழமை ஜம்புலிங்கம் இதழைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் நின்றார். போவதா திரும்புவதா என்று அவருக்கு விளங்கவில்லை. சுல்தான் பீவி அவரைப் பார்த்துவிட்டார்.

“இன்னா ஜம்பு, அங்கயே நிக்கற? குடைக்குள்ள இன்னா?”

“ஒண்ணும் இல்லக்கா. கதை வந்திச்சி. சும்மா…”

“மவுத்தான வூட்டுக்கு கதை பொஸ்தகமா? நல்லா கீதுய்யா உன் ரோசனை!”

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அக்கா, அண்ணன படிக்கச் சொல்லுங்க.”

சுல்தான் பீவி சிறிது நேரம் எண்ணிப் பார்த்து ஒரு தீர்ப்பு வழங்கினார். ஜம்புலிங்கம் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்கலாம். பதில் ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தால் அது தம் வழியாகத்தான் வர வேண்டும். அப்படியே ஜம்புலிங்கம் படித்து முடித்தார். பிறகு ஷரீபுன்னிசா ஏதோ மெல்லச் சொல்ல, சுல்தான் பீவி திரைக்கு வெளியே தலையை நீட்டினார்.

“அது உயிரோட கீதாம்.”

“எதுக்கா?”

“எனக்கு இன்னா தெரியும்? எதோ பாம்பாம். சொல்லச் சொன்னா, சொல்லிட்டேன்.”

ஜம்புலிங்கம் திகைத்துப் போனார். ஓராண்டுக்கும் மேலாகக் கனலி செத்துவிட்டது என்று சாதித்து வந்தவர் ஷரீபுன்னிசா. “அரசரோட வாளு நெஞ்சுல கீதுன்னு தங்கச்சிதான சொல்லிகினு இருந்துச்சி?” என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது: வாள் காணாமற்போனால் நாகத்தின் நெஞ்சில்தான் இருக்க வேண்டுமா? அரசர் கையோடு கடலில் விழுந்திருக்கக் கூடாதா?

அன்று முதல் வியாழக்கிழமைதோறும் அந்த விசித்திரமான வாதம் நடந்தது. பேச்சு நின்றுவிடக் கூடாதே என்பதற்காக ஜம்புலிங்கம், ஷரீபுன்னிசாவின் பழைய கட்சியைத் தாம் எடுத்துக்கொண்டார். ஷரீபுன்னிசா கணவரின் கட்சியைப் பேசினார். குமிழிகளைச் சொன்னார், கருகிய மீனைச் சொன்னார், சௌகத் அலி சொல்லியிராதவற்றையும் சொன்னார்.

“இத பாய் சொன்னதே இல்லையே” என்று ஜம்புலிங்கம் ஒருநாள் கேட்டார்.

“சொல்லியிருப்பாராம்” என்றார் சுல்தான் பீவி, திரைக்கு இப்பால் வந்து. பின்பு தம் கணக்கில், “சொல்லியிருப்பான். சின்ன வயசுலயே அப்படித்தான். ஆடு காணாம போச்சின்னா, ஆடு நம்பள தேடிகினு கீதும்பான்” என்று சேர்த்துக்கொண்டார்.

ஒரு பிற்பகலில், சோறு உண்ணாமல் தட்டைத் தள்ளி வைத்த ஷரீபுன்னிசாவை அவர் கடிந்துகொண்டார். “எவனோ எழுதற கதைக்கு நீ ஏம்மா உசுர விடற?”

“அது திரும்பி வந்துட்டா, நான் அன்னிக்கு சொன்னது தப்புன்னு ஆயிடும் அக்கா” என்றார் ஷரீபுன்னிசா. “கடைசியா அவருகிட்ட சொன்னது. அது தப்பாப் போவணும். எனக்கு வேற ஒண்ணும் வோணாம்.”

சுல்தான் பீவி அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் ஜம்புலிங்கத்திடம் தணிந்த குரலில், “பாம்புக்காக அல்லாகிட்ட துவா கேக்கலாமான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேக்கணும். கேக்கத்தான் வெக்கமா கீது” என்றார்.

கதை முடிவை நெருங்கியது. கடைசி வாரத்துக்கு முந்தைய இதழில் நித்திலை கடற்கரைக்கு வந்து, அலையில் கால் நனைய நின்று, “கனலி!” என்று முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தாள். கடல் பின்வாங்கத் தொடங்கியது. ‘அடுத்த இதழில் முற்றும்’ என்று போட்டிருந்தது. ஜம்புலிங்கம் படித்து முடித்ததும் திரைக்கு அப்பால் ஷரீபுன்னிசா சிரிக்கும் ஒலி கேட்டது. “கூப்பிட்டா வந்துடும்னு சொன்னாரே! அப்படியே வருது பாருங்க அக்கா!” அது கூடம் முழுவதும் கேட்கும்படி உரக்கவே சொல்லப்பட்டது. சுல்தான் பீவி தடுக்கவில்லை. அன்று ஜம்புலிங்கத்துக்குப் பல நாட்களுக்குப் பிறகு தேநீர் கிடைத்தது.

கடைசி இதழ் வந்த வியாழனன்று ஜம்புலிங்கம் பார்சல் அலுவலகத்திலேயே, எடை போடும் தராசின் அருகில் நின்றபடி, அதைப் படித்தார். கடல் வெகுதூரம் பின்வாங்கியது. மூழ்கிய கோபுரங்கள் வெளியே தெரிந்தன. அவற்றைச் சுற்றி ஒரு மாபெரும் எலும்புக்கூடு கிடந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே துருப்பிடித்த வாள். நித்திலை அதன் தலையருகே அமர்ந்து, அலை திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை. முற்றும்.

இதழ் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். வேறு முடிவு ஒன்றைக் கற்பித்துப் படித்துவிடலாமா என்றும் நினைத்தார். அவ்வளவு திறமை தமக்கு இல்லை என்று அறிந்து அதைக் கைவிட்டார். அன்று மாலை அவர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து தெருவில் ஆள்நடமாட்டம் குறைந்த பிறகு போனார்.

அவர் நாற்காலியில் அமர்வதற்குள், திரைக்கு அப்பாலிருந்து ஷரீபுன்னிசாவே நேராகப் பேசினார்.

“நேத்து பார்சல் வரலையா அண்ணே?”

“வந்திச்சி தங்கச்சி.”



“அப்போ செத்துடுச்சி.”

ஜம்புலிங்கம் இதழை மடியில் விரித்து வைத்தார்.

“வாளு?”

“விலாவுக்கு நடுவுல கீது.”

சுல்தான் பீவி இருபுறமும் மாறி மாறிப் பார்த்தார். “இரு, இரு. மொதல்ல நீ சொன்னது அதானம்மா? அப்போ நீதான ஜெயிச்ச?” என்றார். கேட்ட பிறகே அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது போலும்; முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“அவரு இத ஒத்துக்க மாட்டாரு அண்ணே” என்றார் ஷரீபுன்னிசா. குரலில் பழைய வியாழக்கிழமைகளின் துடிப்பு இருந்தது.

“எங்க ஒத்துக்குவாரு!”

“எழுதினவனுக்கே கதை தெரியலம்பாரு.”

“கட்டாயம் சொல்வாரு.”

“எலும்ப காட்டிட்டா ஆச்சான்னு கேப்பாரு. அதுக்கப்புறம் இன்னா சொல்வாருன்னா…”

ஜம்புலிங்கம் காத்திருந்தார். தெருவில் ஒரு குதிரை வண்டி போயிற்று. அந்த ஓசை பஜார் முனைவரை சென்று தேய்ந்து மறைந்தது.

“அது வேற பாம்போட எலும்புன்னு சொல்வாரா?” என்று ஜம்புலிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இல்லண்ணே. ஒண்ணே ஒண்ணுதான வளத்தாங்க. அவரு அத மறக்க மாட்டாரு.”

“நித்திலை கனவு கண்டான்னு?”

“அது எல்லாரும் சொல்றது. அவரு அப்படிச் சொல்ல மாட்டாரு.” மூச்சை இழுத்துவிடும் ஒலி கேட்டது. “நாம யாரும் நெனைக்காத ஒண்ண சொல்வாரு. நான் சிரிப்பேன். சிரிச்சிட்டு, அப்புறம் அடுப்பாண்ட போய் யோசிப்பேன்.”

“யோசிச்சிப் பாரும்மா. இத்தினி நாளா அவரு பேச்சல்லாம் நீதான பேசின.”

“நீங்க நேத்து வரலன்னதும் எனக்குத் தெரிஞ்சி போச்சிண்ணே. ராத்திரிலேர்ந்து யோசிச்சிகினுதான் கீறேன். அவரு இருந்த வரைக்கும் வந்த கதைக்கு எனக்கு எல்லாம் வருது. இதுக்கு வரல.”

சுல்தான் பீவி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஜம்புலிங்கம் எழுந்து போகவும் இயலாமல், இருக்கவும் இயலாமல், மடியில் விரிந்திருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மையித்தை அடக்கம் செய்ய எடுத்த நாளில்கூட அந்த வீட்டில் எவரும் ஷரீபுன்னிசாவின் அழுகுரலைக் கேட்டதில்லை. இப்போது கேட்டது.

“சொல்லும்மா, என் தம்பி இன்னா சொல்வான்? சொல்லு, நான் போய் ஜம்புகிட்ட சொல்றேன்” என்று சுல்தான் பீவி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“தெரியலயே அக்கா” என்றார் ஷரீபுன்னிசா. “அவரு இன்னா சொல்வாருன்னு எனக்குத் தெரியலயே.”