முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க

ரேடியோ வயரைப் பிடுங்கக் குனிந்தார் அண்ணன். தங்கையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முப்பது வருஷம் ஊர் வானொலியில் பேசிய வாய்.

“இருங்க மாமா,” என்றாள் தங்கை மகள். “ஸ்டேஷன் மேனேஜர் வந்திருக்காரு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்.”

மேனேஜர் வாசற்படியிலேயே நின்றார். “ஐயா, இன்னிக்குப் பத்து மணி நிகழ்ச்சிய அக்கா நேத்தே பதிவு பண்ணிட்டாங்க. போடலாமா வேணாமா, நீங்க சொல்றதுதான்.”

“செத்தவ குரல வச்சும் விளம்பரம் ஓட்டுவீங்க.”

“விளம்பரம் இல்லாமத்தாங்க போடுவோம்.”

அண்ணன் நம்பவில்லை. எப்படி நம்புவது? முதலில் பழைய பாட்டுதான் என்றார்கள் ஸ்டேஷனில். பிறகு நேயர் விருப்பம். பிறகு புதுப்பாட்டு மட்டும். போன வருஷம், இடைவெளியே கூடாது, பாட்டு தொடங்கும்போதே அதன் மேல் பேசு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கே பேசுகிறவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனார்கள். இவள் போகவில்லை. பாட்டு மேல் பேசுவது, சாப்பிடுகிறவன் தட்டில் கை வைக்கிற மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தவளே அவள்தான்.

“ரோஷம் இல்லையா உனக்கு?” என்று அப்போது அவளிடம் கேட்டார்.

“பாட்டுதான்ணா மாறுது. கேக்கறவங்க அதே ஆளுங்க. அவங்கள யாருகிட்ட விட்டுட்டு வர?” என்று சிரித்தாள். அன்றோடு அவர் வீட்டு ரேடியோ பரணுக்குப் போய்விட்டது.

“மாமா, பத்தாகப் போவுது.”

தங்கை முகத்தைப் பார்த்தார். “போட்டுத் தொலைங்க.”

மேனேஜர் போனில் ஒரு வார்த்தை சொன்னார்.

ரேடியோவில் தகரத்தில் கல் உருட்டுகிற மாதிரி ஒரு கொட்டு கிளம்பியது. இதெல்லாம் பாட்டா என்று முகம் சுளித்தார். அதன் மேலேயே அவள் குரல் வந்தது, அடுப்படியில் நிற்கிறவளிடம் பேசுகிற நிதானத்தில். துணி காயப்போட்டவங்க வானத்த ஒரு தடவ பாத்துக்குங்க என்றாள். “பாடுற பையன் புதுசு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.”

அவள் முடித்த இடத்தில் பையன் வாய் திறந்தான். நடுவில் நூல் நுழைய இடமில்லை. கொட்டின் மேல் பேசியவள், அவன் குரல் மேல் ஏறவும் இல்லை.

“கள்ளி,” என்றார் அண்ணன், பல்லுக்குள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் அடங்கியிருந்தார்கள். சுடுகாட்டு வண்டிக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “கிளம்பலாங்களா? நேரம்—”

அண்ணன் கையைத் தூக்கினார். கொட்டு வீடெல்லாம் தடதடத்தது. பாட்டு முடிகிறவரை அந்தக் கை இறங்கவில்லை.