நுரைத்த மண்

வெள்ளிக்கிழமை காலை. துபாய் கராமா பகுதியில் இருந்த வீட்டுப் பால்கனியிலிருந்து நளினி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. உங்க ஊர் மண்ணு நுரைக்குது!"

தியாகு வாயில் பிரஷ்ஷோடு வந்தான். சோதனைக்கு எடுத்தது போக மீந்த மண்ணை அவள் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியிருந்தாள். துணி ஊறவைத்த வாளி மாதிரி செடியைச் சுற்றி வெள்ளை நுரை.

"எந்தப் பை?"

"வெயில்னு எழுதியிருந்தது." நளினி பையைத் தூக்கிக் காட்டினாள். துபாயில் வாங்கிய சோப்புத்தூள் பை.

அவன் பையை வாங்கி முகர்ந்து பார்த்தான்.

தோட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மண் பரிசோதனைதான் அவன் வேலை. பொங்கல் லீவில் தாண்டிக்குடி போனபோது, அக்கா ஜோதிமணி பார்த்துக்கொள்ளும் குடும்பக் காப்பித் தோட்டத்திலிருந்து அவள் அள்ளிக் கொடுத்த இரண்டு பை மண்ணைக் கொண்டுவந்தான். ஒன்று நிழல் மரங்களுக்குக் கீழிருந்து. மற்றது காற்றில் மரங்கள் சாய்ந்துபோய் வெயில் காயும் சரிவிலிருந்து. வெயில் மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பல மடங்கு கூடுதலாக வந்தது. மரங்கள்தான் சத்தை உறிஞ்சுகின்றன என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிவிட்டான். "முப்பது வருஷத்து மரம்டா" என்று அக்கா இழுத்தாள். "மெஷின் பொய் சொல்லாதுக்கா" என்றான்.

மெஷின் பொய் சொல்லவில்லை. சோப்புத்தூளில் இருந்த மணிச்சத்தை ஒழுங்காக அளந்து கொடுத்திருந்தது. அந்தப் பையைச் சூட்கேஸில் வைத்தவனே அவன்தான். கல்ஃப்காரன் வீட்டில் புளி, மிளகு, கொத்தமல்லி விதை எல்லாம் அந்த மாதிரிப் பையில்தான் கிடக்கும். கண்ணில் பட்டும் உறைக்கவில்லை.

மரம் வெட்ட ஆட்கள் லாரியோடு வருவது இன்றைக்கு. ஊரில் இந்நேரம் வெயில் ஏறியிருக்கும்.

போன் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்தினான். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் இல்லை. நளினி ரிசீவரை வாங்கி அவள் பங்குக்கு முயன்றாள். மணி அடித்ததும் தியாகு அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"அக்கா, அந்த சோப்புத்தூள் பையைக் கழுவித்தானே மண்ணு போட்ட?"

"மண்ணு போடுற பையை எதுக்குடா கழுவணும்? கேக்குறதுக்கு வேற நேரம் கிடைக்கலையா? இங்க ஒரே ரகளை."

"வெட்டாதக்கா! நிறுத்தச் சொல்லு! எத்தனை விழுந்துச்சு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"அடுத்ததுக்குப் போறதுக்குள்ள நம்ம மிளகுக் குத்தகைக்காரர் கோபாலசாமி வந்துட்டாரு. மரத்து மேல இருக்கிற கொடி என் குத்தகை, மிளகு பறிக்காம எவன் ரம்பத்தை வைக்கிறான்னு பாக்குறேன்னு மரத்தடியில துண்டை விரிச்சு உக்காந்துட்டாரு. ஆளுங்க மூணாவது டீ குடிக்கிறாங்க."

தியாகு நடந்ததைச் சொன்னான். மறுமுனையில் அக்கா சிரித்த சிரிப்பு நளினிக்கே கேட்டது.

"ஏன்டா, சம்பளம் வாங்கிக்கிட்டு சோப்பையா சோதிச்ச?"

விழுந்த ஒன்று விழுந்ததுதான். நிழலில் எவ்வளவு, வெயிலில் எவ்வளவு என்று இனிமேல்தான் தெரிய வேண்டும். அடுத்த லீவில் துணிப்பையோடு போக வேண்டும்.

"ஆளுங்களை அனுப்பிடறேன். கோபாலசாமி அண்ணனை எந்திரிக்கச் சொல்லவா?"

"வேண்டாம்க்கா. லாரி மலையிறங்குற வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கச் சொல்லு. அவருக்கும் ஒரு டீ குடு."