லெட் ஒடிந்த இடங்கள்

நஃபீசா வீட்டுப் பிளான் வரைகிறவள். திட்டச்சேரி கடைத்தெருவில் மருந்துக்கடை மாடியில் இருந்தது இளஞ்செழியனின் ஆபீஸ். அவர் இன்ஜினியர். கடைசியில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போகும் என்றாலும், முதல் பிளானைப் பேப்பரில் பென்சிலால் போட்டுக் காட்டுவதுதான் அந்த ஆபீஸின் வழக்கம். வெளிநாட்டில் புருஷன் இருக்கும் வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து, சமையலறையை இப்படித் தள்ளுங்க, ஜன்னலை அங்கே வைங்க என்று சொல்லச் சொல்ல அழித்து வரைய அதுதான் தோது.

லெட் குச்சி போட்டுப் பொத்தானை அழுத்தி எழுதும் மெக்கானிக்கல் பென்சில் விஷயத்தில் அவளுக்குத் தனிக் கணக்கு உண்டு. சுவர்க்கோட்டுக்கு பாயிண்ட் ஃபைவ், ஹெச்.பி. லெட். அளவு எழுத பாயிண்ட் த்ரீ. வெயில் நாளில் டூ ஹெச் கூடப் போடுவாள். ஐப்பசி பிறந்துவிட்டால் மாட்டாள். ஈரம் ஏறிய பேப்பரை அந்தக் கெட்டி லெட் கீறிவிடும். பொத்தானை இரண்டு தடவைக்கு மேல் அழுத்த மாட்டாள். லெட் ஒடிகிறது என்று யாராவது சொன்னால், பென்சிலைக் கீழே போட்டீங்களா என்றுதான் முதலில் கேட்பாள். அவள் கையில் லெட் ஒடிந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் ஆஷிகா வந்தாள். புருஷன் ஆஸிம் ஷார்ஜாவில் இருந்தான். பள்ளிவாசல் தெருவுக்குப் பின்னால், நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றதில் ஒன்றை வாங்கியிருந்தார்கள். மனைக்குப் பின்புறம் பாசன வாய்க்கால். முன்புறம் புதிதாகப் போட்ட தெரு. ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, அதில் ஒன்று மகளுக்கு.

மறுநாள் காலையில் நஃபீசா வரைய உட்கார்ந்தாள். பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரை இழுத்துக்கொண்டு வரும்போது லெட் ஒடிந்தது. துணுக்கைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து இழுத்தாள். அங்கேயே ஒடிந்தது. உள்ளே லெட் விரிசல் விட்டிருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள். பேப்பரின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். நன்றாக எழுதியது. சுவருக்குத் திரும்பினாள். அதே புள்ளிக்கு வந்ததும் டிக்கென்று போனது.

பேப்பரில் ஏதாவது நெருடுகிறதா என்று விரலால் தடவினாள். நெருடவில்லை. அந்த இடம் மட்டும் ஒரு மிளகு அளவுக்கு ஈரமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை. வேறு பேப்பர் மாற்றினாள். பலகையைத் திருப்பி வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தாள். அதே இடம். ஒடிந்த துணுக்கு ஒவ்வொரு தடவையும் பிளானில் தெரு இருந்த பக்கமாகவே போய் விழுந்தது.

சனிக்கிழமை தஞ்சாவூருக்குப் போக வேண்டியிருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் வழக்கமாக வாங்கும் கடை உபைதுல்லாவுடையது.

"முனையில ஒடியுதா, உள்ளேருந்தே ஒடிஞ்சு வருதா?" என்று அவர் கேட்டார்.

"முனையிலதாங்க. கையை அழுத்தவே இல்ல."

"அப்போ இந்த ஜப்பான் லெட்டைப் போட்டுப் பாருங்க. வளைஞ்சு கொடுக்கும். கொஞ்சம் தடியா வேணும்னா பாயிண்ட் செவன் தர்றேன், டூ பி. அதை ஒடிக்கிறதுன்னா பல்லுல கடிச்சாத்தான் உண்டு."

இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

திங்கள்கிழமை ஜப்பான் லெட்டைப் போட்டுப் பின்பக்கச் சுவரை இழுத்தாள். ஒரு தடையும் இல்லாமல் போனது. லெட்டில்தான் கோளாறு இருந்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. சமையலறைச் சுவரைப் பாதி போட்டிருப்பாள், ஒடிந்தது. பாயிண்ட் செவனை எடுத்தாள். அந்தத் தடித்த லெட்டும் அதே இடத்தில் ஒடிந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். ஈரம்.

"சார், கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

இளஞ்செழியன் சிரித்துக்கொண்டே வந்து தன் சட்டைப்பையில் இருந்த பென்சிலை எடுத்து, ஸ்கேல் வைத்து இழுத்தார். அவர் கையிலும் ஒடிந்தது. மறுபடி இழுத்தார். பிறகு ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, இழுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இதை விடுங்க. கம்ப்யூட்டர்லயே போட்டுருவோம்."

"வெள்ளிக்கிழமை பின்சுவருல ஒடிஞ்சது சார். இன்னைக்கு அங்க ஒடியல. சமையலறைக்கு வந்துருக்கு."

"எது வந்துருக்கு?"

அவள் ஈரமான இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சமையலறைச் சுவர் ஒழுங்காக வந்தது. ஹாலைத் தாண்டி, மகளின் அறைக்கு என்று வைத்திருந்த சுவரில் ஒடிந்தது. நஃபீசா ஒடிந்த மூன்று இடங்களிலும் சின்னதாகப் புள்ளி வைத்தாள். அவை நேர்கோட்டில் இல்லை. வாய்க்கால் பக்கமிருந்து புறப்பட்டு, நடுவில் லேசாக வளைந்து, தெருவை நோக்கி வந்தன. ஆள் ஒருத்தர் நடந்து வருகிற மாதிரி இருந்தது. குழந்தை தூங்கப்போகிற அறையின் சுவரில் முட்டிக்கொண்டு அந்த ஆள் நிற்கிற மாதிரி தோன்றியது. முன்சுவரை அவள் வரையவில்லை. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

மனையில் வெயில் சுள்ளென்று அடித்தது. இரவு பெய்த மழையில் மண் சேறாகக் கிடந்தது. பிளானைப் பார்த்து, டேப்பால் அளந்து, முதல் புள்ளி விழும் இடத்தில் போய் நின்றாள். அங்கிருந்து இரண்டாவது புள்ளிக்கு நடந்தாள். கால் தானாக வளைந்து போனது. ஏன் என்று குனிந்து பார்த்தபோது, வெட்டிப்போட்ட ஒரு பனைமரத்தின் அடித்தூர் தரையோடு தரையாகத் தெரிந்தது. அதைச் சுற்றித்தான் அவள் வந்திருந்தாள்.

"தங்கச்சி, யாரு நீங்க?"

வாய்க்கால் கரையில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஐஸ் பெட்டி கட்டியிருந்தது. தெருத்தெருவாக மீன் விற்கும் காயாரோகணம். அவரை அவளுக்கு முகம் தெரியும்.

"இன்ஜினியர் ஆபீஸ்ங்க. வீடு கட்ட அளக்க வந்தேன்."

"ஓகோ. ஒண்ணுமில்ல, எங்க அக்கா நடக்குற மாதிரியே நடந்தீங்க. அதான் நின்னுட்டேன்."

நஃபீசா டேப்பைச் சுருட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அக்காவா?"

"ராஜம்மாள்னு பேரு. நாகூர்லேருந்து பஸ்ஸுல வந்து எறங்கி, வாய்க்காலைத் தாண்டி இப்படித்தான் குறுக்கால வரும். பனைமரத்தைச் சுத்திக்கிட்டு நேரா உங்க பள்ளிவாசல் தெருவுக்கு. வரப்பெல்லாம் அது பாதம் பட்டே தேஞ்சு கெடந்துச்சு. கூடையிலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டே வரும். அந்த ஈரத்தை வச்சே, அக்கா முன்னாடி போயிடுச்சுன்னு கண்டுபிடிப்பேன்."

"இப்போ அவங்க…"

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன இதே மழையில, வாய்க்கால் மேல தென்னமரம் போட்டிருந்தாங்கள்ல, அதுல வழுக்கிருச்சு. மதகுலதான் எடுத்தோம். கூடை மட்டும் இந்தக் கரையில கெடந்துச்சு. கூடையைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் விழுந்திருக்கு பாருங்க."

அவர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு மொபெட்டை உதைத்தார். நஃபீசா பேப்பரைப் பிரித்துக் காட்டுவதற்குள் அவர் போய்விட்டார்.

ஆஷிகாவிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், புள்ளிகளைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள். ஆஷிகா பயந்துபோய் மனையை விற்றுவிடலாம் என்பாள் என்று எதிர்பார்த்தாள். ஆஷிகா பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஃபீசாவை அவள் அக்கா முறையில் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"ராஜம்மாக்காவா லாத்தா? எங்க உம்மாவுக்கு மீன் கொடுக்குறவங்க. நான் புள்ள பெத்திருந்தப்போ பால்சுறா கொண்டாந்து, தானே உக்காந்து கழுவி, புட்டு செய்யச் சொல்லிட்டுப் போனாங்க. ஒரு நாள் அவங்க வரலேன்னா தெருவே வாசல்ல நிக்கும்." அவள் புள்ளிகளை விரலால் தொட்டாள். "அவங்க வர்ற வழியில நாம எப்படிச் சுவரு வைக்கிறது?"

அந்த வழியை விட்டு வீட்டை ஒதுக்கிக் கட்டலாம் என்று ஆஸிமுக்கு வீடியோ காலில் சொன்னார்கள். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஹாலே பாதியாப் போயிடும். ஊருல கேட்டா சிரிப்பாங்க. பென்சில் ஒடிஞ்சதுக்கு வீட்டை ஒடுக்குவீங்களா?"

"நீங்க வருஷத்துக்கு ஒரு தடவ வர்றீங்க," என்றாள் ஆஷிகா. "அந்த அறையில புள்ளயோட தூங்கப்போறது நான்."

சரி, உன் இஷ்டம் என்று அவன் போனை வைத்தான்.

நஃபீசா மறுநாள் புதுப் பேப்பரில் ஆரம்பித்தாள். பின்பக்கம் வாய்க்காலைப் பார்த்து ஒரு சின்னக் கேட். அங்கிருந்து பனைத்தூரைச் சுற்றி வளைந்து தெருவரைக்கும், ஒருத்தர் தலையில் கூடையோடு இடிக்காமல் போகும் அகலத்துக்கு ஒரு சந்து. வீடு முழுவதும் சந்துக்குக் கிழக்கே ஒதுங்கியது. பழைய ஹெச்.பி. லெட்டையே போட்டிருந்தாள். கோடு எங்கும் நிற்கவில்லை. சந்தின் சுவரை இழுக்கும்போது பேப்பருக்குள்ளிருந்து யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதுபோல், ஸ்கேல் வைக்காமலே வளைவு வந்தது. அதுதான் அவளுக்கு ஒடிந்ததைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது. முடித்ததும் கீழே இறங்கிப் போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

பிளானைப் பார்த்த இளஞ்செழியன் சந்து எதற்கு என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் வீடு முடிந்தது. குடிபோகும் நாளில் பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு போட்டார்கள். ஆஸிம் லீவில் வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு நஃபீசா சந்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆஷிகா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

மதில்மேல் சுருண்டு கிடந்த தெருப்பூனை ஒன்று தலையைத் தூக்கியது. குதித்து இறங்கிப் பின்கேட்டுக்கு ஓடியது. எங்கிருந்தோ இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. மூன்றும் வாலை நட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் கத்தியபடி, ஒன்றையொன்று முந்திக்கொண்டு சந்தில் மெதுவாக நடந்து வந்தன. வளைவில் வளைந்தன. அவற்றின் நடுவில் ஒருவர் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தன.

"சந்து போட்டதுலேருந்து தினம் இந்நேரத்துக்கு இப்படித்தான் லாத்தா," என்றாள் ஆஷிகா, வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெருப்பக்கம் ஆஸிமின் மோட்டார் சைக்கிள் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. பூனைகள் அதன்முன் வந்து நின்று, மேலே பார்த்து இன்னும் உரக்கக் கத்தின. வாசலில் சொந்தக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த ஆஸிம் திரும்பிப் பார்த்தான். செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போய், வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றான்.