வாய்க்குள்ளேயே படித்த சீனம்

படித்த சீனமெல்லாம் மறந்துவிட்டது. ஏழு மட்டும் நினைவிருக்கிறது. ரயிலில், மஹாலட்சுமி பக்கத்தில் இல்லாத லேடீஸ் பெட்டியில் உட்கார எனக்கு இன்னும் பிடிப்பதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் நாங்கள் இருவரும் கிண்டியில் ஒரு பிரிண்டர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தோம். எங்களில் ஒருத்தியை ஆறு மாதம் சீனாவில் குவாங்சோவுக்கு அனுப்புவதாகச் சொல்லி, ஆளுக்கொரு ஜெராக்ஸ் புத்தகமும் சி.டி.யும் கொடுத்தார்கள். சீன உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் காட்டும் புத்தகம். இரண்டு மாதத்தில் போனில் பேச்சுத் தேர்வு.

எனக்கு அந்த ஆறு மாதம் ரொம்பத் தேவைப்பட்டது. கூடுவாஞ்சேரி வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனை போட்டு விற்கும் குடும்பத்துப் பையன். பெண் பார்க்க வந்த அன்று அவன் அம்மா, "பொண்ணு வேலைக்குப் போக வேணாம்" என்றார். என் அப்பா தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தைக் காபி டம்ளர்களோடு சேர்த்து அடுக்களைக்குக் கொண்டுபோய் வைத்தேன். சீனா போய்விட்டால் அந்தச் சம்பந்தம் தானாகவே விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

காலை ரயிலில்தான் படிப்பு. நான் கூடுவாஞ்சேரியில் ஏறி இடம் பிடிப்பேன். மஹா தாம்பரத்தில் ஏறுவாள். அவள் அம்மா கன்னியம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர், அந்தக் குரல் அப்படியே மகளுக்கு. புத்தகத்தில் எழுத்தெல்லாம் தெரிந்தவை, சத்தம்தான் வேறு. க்யூ, ஐ என்று போட்டிருக்கும், 'ச்சீ' என்று படிக்க வேண்டும், ஏழு என்று அர்த்தம். எழுத்துக்கு மேலே சின்னக் கோடு. அது படுத்திருந்தால் குரல் உயரத்திலேயே நீள வேண்டும், நிமிர்ந்தால் ஏற வேண்டும், குழிந்தால் இறங்கி ஏற வேண்டும், சரிந்தால் வெட்டி விழ வேண்டும். மஹா "ச்சீ" என்று இழுத்தால், எதிரே கீரை ஆய்கிற அக்கா முறைப்பார்.

"உங்கள இல்லக்கா, ஏழு" என்பாள்.

நான் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தேன். நாலு பேர் முன்னால் பொம்பளைப் பிள்ளை குரல் உயர்த்தக் கூடாது என்று வளர்ந்தவள். வீட்டிலும் கிசுகிசுப்புதான்.

"இன்னாடி வெண்ணிலா, வாய்க்குள்ளயே சைனா போய்ட்டு வந்துட்ற?" என்பாள் மஹா.

"எனக்கு எல்லாம் மனப்பாடம்" என்பேன், கொஞ்சம் திமிராகவே. அவளுக்குப் பாதி எழுத்து தகராறு.

தேர்வன்று ஸ்பீக்கர் போனில் சீனப் பெண் அதிகாரி, கேட்கவில்லை என்றார். முதன்முறையாகச் சத்தமாகச் சொன்னேன். ஏற வேண்டியது ஏறவில்லை, விழ வேண்டியது விழவில்லை. எல்லாம் பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஒரே ராகத்தில் வந்தது. கிசுகிசுப்பில் ஏது ஏற்ற இறக்கம்? அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதம் வெறும் காற்றைப் பழகியிருக்கிறேன். இடம் மஹாவுக்குக் கிடைத்தது. பாத்ரூமில் போய் அழுதேன்.

மாலை ரயிலில் அவள் புத்தகத்தை என் மடியில் விரித்தாள்.

"இப்ப சத்தமா சொல்லு."

"இனிமே எதுக்கு மஹா? போறது நீதானே."

"எனுக்கோசரம் சொல்லு. நீ ஒரு தபா கத்தி நான் பாக்கணும்."

பல்லாவரம் தாண்டியதும், அவள்மேல் வந்த ஆத்திரத்திலேயே சொன்னேன். ச்சீ. பெட்டியே திரும்பிப் பார்த்தது. மறுபடி சொன்னேன், நான்கு விதமாகவும், திரும்பத் திரும்ப. தாம்பரம் வரும்போது தொண்டை எரிந்தது. மஹா இறங்கி, வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதான்டி" என்றாள்.

அன்று வீட்டில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அப்பா காலண்டரைக் காட்டினார்.

"எனக்கு இந்த இடம் வேணாம்ப்பா."

அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்.

"மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றார் அப்பா.

"கேக்கட்டும்" என்றேன்.