போர்டு இறங்குவதற்குள்

அந்தப் பனியன் ஊரில், பிரசவ நேரத்தில் எத்தனை வேலை காலியாக இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடிதான் குழந்தைக்கு மூளை வளரும். ஆஸ்பத்திரி ஜன்னல்கள் கம்பெனி கேட்டைப் பார்த்தே வைக்கப்பட்டிருந்தன. 'ஆட்கள் தேவை' போர்டுகள் வரிசையாகத் தொங்கிய காலத்தில் பிறந்தவர்கள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னார்கள். நூல் விலை ஏறி, ஒரு போர்டும் தொங்காத வருஷத்துப் பிள்ளைகள் சொந்தப் பெயரைச் சொல்லவே பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தார்கள். முதலாளியின் மருமகளுக்கு வலி கண்டபோது ஒரே நாளில் நாற்பது போர்டு ஏறியது. ஒருவரையும் எடுக்கவில்லை. பேரன் தொட்டிலிலேயே வரிக்கணக்குப் பார்த்தான். கடவுள் கொடுத்த அறிவு என்று ஊரே மெச்சியது.

கோகிலவாணிக்கு வலி எடுத்த அன்று ஊரில் ஒரே ஒரு போர்டுதான். செக்கிங்குக்கு ஓர் ஆள். ஒன்று இருந்தாலே கேள்வி கேட்கும் அளவுக்கு அறிவு வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் தலையாட்ட மட்டும் வரும். அவள் புருஷன் நாச்சிமுத்து, மாதக்கணக்கில் வேலை இல்லாதவன், கேட் முன்னால் போய் நின்றுகொண்டான். பிள்ளை பிறக்கும்வரை அந்த வேலை யாருக்கும் கிடைத்துவிடக் கூடாது. வேலை கேட்டு வந்தவர்களை, "உள்ள ஃபேன் ஓடாதுங்க" என்று திருப்பி அனுப்பினான்.

மத்தியானம் மேனேஜர் வெளியே வந்தார். "காலையில இருந்து வெயில்ல நிக்கறீங்க. இந்த ஆர்வந்தான் வேணும். நீங்களே வந்துருங்க."

வாட்ச்மேன் போர்டைக் கழற்ற ஸ்டூலில் ஏறினார்.

வேண்டாம் என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. சரி என்றால் பிள்ளை மக்கு. நாச்சிமுத்து எதிரே ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தான்.

"டீ எத்தன வேளைங்க?"

"ரெண்டு."

"வடையோடவா, வெறும் டீயா?"

"வெறும் டீதான்."

"கோயில் நோம்பிக்கு லீவு உண்டுங்களா?"

"ஏனுங்க, உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணுமுங்க. அந்த வடை மட்டும்..."

நர்ஸ் ஜன்னலில் தலை நீட்டினாள். "அண்ணா, பொண்ணு!"

"வந்துடறனுங்க" என்றான் நாச்சிமுத்து. போர்டு இறங்கியது.

கையெழுத்து வாங்க மேனேஜர் வார்டுக்கே வந்தார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"எங்கப்பனுக்கு பி.எஃப். பிடிப்பீங்களா?"

"கேக்கறா பாருங்க, சொல்லுங்க" என்றாள் கோகிலவாணி.

மேனேஜர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிக்கொண்டார். அங்கே, போர்டு இறங்கிய பிறகு பிறந்த குழந்தை கிடந்தது. அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது. அதைச் சூப்பர்வைசராக எடுத்துக்கொண்டார். அந்த வேலைக்கு எப்போதும் போர்டு வைப்பதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து லீவு வேண்டுமென்றால் நாச்சிமுத்து அதனிடம்தான் கேட்க வேண்டும். பால் குடிக்கிற நேரத்தில் மட்டும் தொந்தரவு செய்யக் கூடாது.