தையல்காரர் மகளைப் பார்க்காத பதினோரு வருடம்

தையல்காரர் தன் மகளைப் பதினோரு வருடம் பார்க்கவில்லை. அவள் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு மணிக்கு வந்து, முன்னறையில் வெட்டுமேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போனாள். அவருக்குத் தெரிந்தது அவள் உடுப்பு மட்டும். காலர் இருக்கும், அதற்கு மேலே சுவர் இருக்கும். சட்டைக் கைக்கு வெளியே டீ கிளாஸ் தானாக எழும்பும், தானாகச் சாயும். குரல் மட்டும் காதில் விழும். கண் டாக்டரிடம் போனபோது பலகையின் கடைசி வரியிலிருந்த எறும்பெழுத்தைக்கூடத் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினார். ஐம்பத்திரண்டு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தவர் அவர். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு வாயில். அளவைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஒருநாள் பக்கத்துச் சபையிலிருந்து ஒன்பது வெள்ளை அங்கிகளுக்கு ஆர்டர் வந்தது. பெயர் இல்லை, அளவுகள் மட்டும் எழுதின ஒரு தாள். ஞானஸ்நானத்துக்கு என்றார்கள். யாருக்காக இருந்தால் என்ன, துணி துணிதானே என்று அவரும் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆறாவது அங்கிக்கு மட்டும் ஏனோ கை தானாக நிதானப்பட்டது. ஓரத்தை மிஷினில் ஓட்டாமல் கையாலேயே தைத்தார். ஒன்பது பேரில் எட்டுப் பேர் இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டார். ஆறாவது ஆள் மட்டும் பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? சொந்த மகளுக்கு டேப் எதுக்கு என்று சின்ன வயசிலிருந்து கண்ணளவிலேயே தைத்துப் போட்டவர். ஊரில் எல்லார் அளவும் தெரிந்தவருக்கு அவள் அளவு தெரியாது.

அடுத்த வாரம் கொல்லைக் கொடியில் அந்த அங்கி ஈரத்தோடு தொங்கியது. தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா? தபாலாபீஸில் முத்திரை குத்துகிற வேலைக்குப் போய்வந்த பெண், ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிச் செய்துவிட்டாளே என்பது ஒரு கோபம். அதற்குத் தன் கையாலேயே உடுப்புத் தைக்க வைத்தாளே என்பது அதைவிடப் பெரிய கோபம். சொல்லத்தான் நினைத்தேன், பயமாக இருந்தது, நீங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க ஆசையாகவும் இருந்தது என்று அவள் அழுதாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

"இனிமே உன்னக் கண்ணால பார்க்க மாட்டேன்," என்றார்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவள் முகம் போய்விட்டது. கையில் அங்கியோடு ஒரு நீலச் சட்டை மட்டும் அங்கே நின்று குலுங்கியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டது கிடைத்தது என்று ஒரு திருப்திகூட இருந்தது, பாவி மனுஷனுக்கு. மகள் தபாலாபீஸ் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. சபையில் என்ன பாட்டு, ஆபீஸில் யாருக்கு மாற்றல் என்று பேசிக்கொண்டே இருப்பாள். அவர் துணியை வெட்டிக்கொண்டே இருப்பார். இப்படியே ஏழு வருடம் போனது.

எட்டாவது வருடம் மனைவி ஒரு மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்து, பக்கத்துக்கு அரை இஞ்சு உள்ளே பிடிக்கணுமாம் என்று மேசையில் வைத்தாள். யாருடையது என்று அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. பிடித்துக் கொடுத்தார். நாலு மாதத்தில் அதே சட்டை, இன்னும் அரை. பிறகு முக்கால். மூன்றாம் முறை தையலைப் பிரிக்கும்போது அவர் கை நின்றுவிட்டது. பெண் பிள்ளைகள் முப்பது வயசில் ஒரு சுற்றுப் பெருப்பார்கள், இது தலைகீழாகப் போகிறதே என்று அவர் தொழில் அவருக்குச் சொன்னது. மனைவியைக் கேட்டார். ரத்தத்தில் ஏதோ கோளாறாம், டாக்டர்கள் கையை விரிக்கிறார்கள் என்று அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்த ஞாயிறு முதன்முறையாக அவர் கத்தரியைக் கீழே வைத்தார். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று காலரைப் பார்த்துச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தரம் சொன்னார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணைக் கசக்கினார், மூடித் திறந்தார். காலரும் சுவரும்தான். வீம்பில் போட்ட முடிச்சு, போட்டவன் கையாலேயே அவிழவில்லை.

"பரவாயில்லப்பா," என்றது காலர். "நான் உங்களப் பார்க்கிறேன்ல."

மறுநாளே அவர் சபைக்குப் போய், தானும் தண்ணீரில் இறங்குவதாகவும் அதற்குப் பதிலாக மகள் முகம் தெரியவேண்டும் என்றும் போதகரிடம் பேசினார். போதகர் சாதுவான ஆள். பொய் சொல்லத் தெரியாது. அப்படி ஏதும் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இது அளவு கொடுத்துத் தைத்து வாங்குகிற உடுப்பில்லை ஐயா, கிருபை, அது இஷ்டப்பட்டபடிதான் வரும் என்றார். அப்படியென்றால் உங்கள் தண்ணீர் எனக்கெதற்கு என்று தையல்காரர் கதவை அறைந்துவிட்டு வந்துவிட்டார்.

பதினோராவது வருடம் அவள் இறந்தாள். கடைசி மூன்று நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது தலையணையில் ஒரு குழி. கையை மட்டும் தடவிக் கண்டுபிடித்து விடாமல் பிடித்திருந்தார். அந்தப் பழைய வெள்ளை அங்கியில்தான் தன்னை அடக்கம் செய்யவேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவரே உட்கார்ந்து இரண்டு பக்கமும் நாலு நாலு இஞ்சு பிடித்துக் கொடுத்தார். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவர் சட்டைக் கையைப் பார்த்து அழுதார். பெற்ற பிள்ளையின் கடைசி முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத மனுஷன் வேறு யாராவது உண்டா? அன்று அவரைத் திட்ட நினைத்துப் போனவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு வந்தார்கள்.

நாலு மாதம் கழித்து அவர் மறுபடி போதகர் வீட்டு வாசலில் நின்றார்.

"இனிமே கேக்கிறதுக்கு ஒண்ணுமில்லங்க," என்றார். "அவ எறங்கின தண்ணியில நானும் எறங்கிட்டுப் போறேன். அவ்வளவுதான்."

தன் அங்கியைத் தானே தைத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு காலையில் போதகர் அவரை முழுக்கி எடுத்தார். சபையே எட்டிப் பார்த்தது. தண்ணீர் வழிய அவர் கண்ணைத் திறந்தபோது தெரிந்தது தொட்டிச் சுவரின் ஓடுகளும் போதகரின் நனைந்த மூக்கும்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வெளியே யாரோ சொன்னார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. சரிதானே என்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று நாலு மணிக்கு மகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீலச் சட்டை, அழுது வீங்கின கண், இருபத்திரண்டு வயசு. வீட்டை விட்டுப் போன பிறகு வந்த முதல் ஞாயிறு அது. அன்று பேசினதையே வார்த்தை மாறாமல் பேசினாள். அவர் எழுந்து ஓடி, மன்னித்துவிடு தாயி என்று கதறினார். அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரம் வந்தது அதற்கடுத்த ஞாயிறு. அவர் பார்க்காமல் விட்ட ஞாயிறுகள் ஒன்று பாக்கியில்லாமல் வரிசையாக வரத் தொடங்கின. அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவள் டீயைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகரிடம் போய்ச் சொன்னார். போதகர் வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, இப்படி ஒன்று தனக்குப் படித்த ஞாபகமில்லை, ஆனால் ஞாயிறு சாயங்காலம் உங்களை வேறு எந்த ஜெபத்துக்கும் கூப்பிடமாட்டேன் என்றார். மனைவி கண்ணுக்கு வெறும் நாற்காலிதான் தெரிகிறது. அவள் தண்ணீரில் இறங்கவுமில்லை, இதைச் சந்தேகப்படவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று டீ போடுகிறாள். ஐந்து மணி அடித்ததும் உள்ளேயிருந்து வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள்.

"இன்னிக்கு எப்படிங்க இருந்தா?"

அந்த ஞாயிறுகளின் வரிசையில் இப்போது ஏழாவது வருடம் முடிகிற சமயம்.

"நல்லா இருந்தா," என்கிறார் அவர். "மஞ்சச் சட்ட. இன்னும் இளைக்க ஆரம்பிக்கல."