நாலு கம்பி போதும்

வண்டிப்பெரியாரில் செல்லத்துரை அண்ணாச்சியின் கேபிள் ஆபீஸுக்கு மூன்று மாதமாக ஒரே பராதி, புகார் மேல் புகார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான கீழ் லயத்தில் இருபத்து நாலு வீட்டிலும் சாயங்காலமானால் இன்டர்நெட் நொண்டியடிக்கிறது. படம் பாதியில் நின்று வட்டம் சுற்றுகிறது.

"லினக்ஸைத் தூக்கிட்டு ஃப்ரீபிஎஸ்டி போடுங்க அண்ணாச்சி, பறக்கும்" என்றான் அஜய். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

மாரீஸ்வரிக்குச் சுருக்கென்றது. இரண்டுமே காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளங்கள்தான்; ஃப்ரீபிஎஸ்டிக்குச் சின்னம் கொம்பு வைத்த குட்டிச்சாத்தான், லினக்ஸுக்குப் பென்குவின். ஆனால் ஊருக்கெல்லாம் இணைப்பைப் பிரித்து அனுப்பும் கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, எட்டு வருஷமாகக் கண்ட்ரோல் ரூமைக் கட்டி ஆள்பவள் அவள்.

"கொம்பு வச்ச குட்டிச்சாத்தான் படத்தை லேப்டாப்புல ஒட்டிக்கிட்டா வேகம் வந்துருமால?"

"உங்க பென்குவினுக்கு மட்டும் றெக்கை இருந்து என்னக்கா, பறக்குதா?"

அண்ணாச்சி மேஜையைத் தட்டினார். "ஒரே மாதிரி ரெண்டு கம்ப்யூட்டர் பெட்டி தாரேன். ஆளுக்கொண்ணுல உங்க சரக்கைப் போட்டு ஓட்டுங்க. ஜெயிச்சவங்களுக்கு கண்ட்ரோல் ரூம். தோத்தவங்க போன் எடுத்துப் பராதி கேக்கணும். ஃபாக்டரியில அஞ்சு மணிச் சங்கு ஊதுறதுக்குள்ள முடிவு தெரியணும்."

அஜய் கடையில் வாங்கிய புது வயரைச் செருகினான். மாரீஸ்வரியோ தன் கையாலேயே வயர் வெட்டி, முனையில் பிளக்கை அழுத்திச் செருகினாள். எட்டு வருஷக் கை. இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

ஓட்டிப் பார்த்தார்கள். அஜய்யின் பெட்டியில் வேகம் தொள்ளாயிரத்து நாற்பது எம்பி. அவளுடையதில் வெறும் தொண்ணூற்று நாலு.

"அக்கா, ஒரு சைபரை எங்கயாவது தவறவிட்டுட்டீங்களா?"

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். இந்த அமைப்பை மாற்றினாள், அந்த அமைப்பைக் கூட்டினாள். தொண்ணூற்று நாலு. எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள். அப்போதும் தொண்ணூற்று நாலு. மணி மூன்றரை. அண்ணாச்சி பராதி நோட்டை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

என்ன செய்தாலும் அசையாத எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பொறி தட்டியது. லினக்ஸ் குறை என்றால் கொஞ்சமாவது ஏறி இறங்குமே! வயரைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி பிளக்குக்குள் எட்டு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது.

லயத்து வேலையில் பழகிய கை. ஒரு வயரில் எட்டு கம்பி; நாலை ஒரு வீட்டுக்கும் நாலை அடுத்த வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். ஒரு வீட்டுக்கு அது தாராளம். முழு வேகம் வேண்டுமென்றால் எட்டும் வேண்டும்.

சத்தமில்லாமல் வயரை மாற்றிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய நினைப்பு ஒன்று வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கீழ் லயத்துக்கும் மேல் லயத்துக்கும் புதுசாகப் பெரிய லைனை இழுத்ததும் அவள்தானே? ஒரே வயரில், நாலும் நாலுமாக! மேல் லயத்து ஏழெட்டு வீட்டுக்கு அது போதும்; கீழ் லயத்து இருபத்து நாலுக்கு எப்படிப் போதும்?

"அண்ணாச்சி, தப்பு லினக்ஸும் இல்ல, ஃப்ரீபிஎஸ்டியும் இல்ல. நான்தான்" என்றாள். முழுவதையும் சொல்லி முடித்தாள்.

எட்டு கம்பியோடு மறுபடி ஓட்டினார்கள். தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று.

"ஒண்ணு கூட!" என்றாள்.

"அது காத்துக்கா, காத்து!" என்றான் அஜய்.

"சண்டையை ஏணியில ஏறிப் போடுங்க" என்று இருவரையும் விரட்டினார் அண்ணாச்சி. சங்கு ஊதும்போது மாரீஸ்வரி போஸ்ட்டின் உச்சியில் இருந்தாள், அஜய் கீழே ஏணியைப் பிடித்தபடி, "எட்டு இருக்கா, எண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கீழ் லயத்துக்குத் தனி வயர் போய்ச் சேர்ந்தது.

"தப்பு பண்ணவளும் நீ, கண்டுபிடிச்சவளும் நீ. கண்ட்ரோல் ரூம் உனக்குத்தான். ஆனா இன்னைக்குப் பராதி போனை நீதான் எடுக்கணும்" என்றார் அண்ணாச்சி.

ஆறரைக்கு போன் அடித்தது. மாரீஸ்வரி பயந்துகொண்டே எடுத்தாள். கீழ் லயத்து ராமுத்தாய்.

"ஏ மாரி, என்ன பண்ணித் தொலைச்ச? படம் நிக்கவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு சோத்துக்கு எந்திரிக்க மாட்டேங்காரு. கொஞ்சம் குறைச்சு வையேன்!"

அஜய் பராதி நோட்டை விரித்து அவள் முன்னால் வைத்தான். "எழுதுங்கக்கா. இதுவும் பராதிதான்."